முப்பத்து மூன்று நிமிடமும் ஒரு வேலைநிறுத்தமும்

தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை

போன இரண்டு சனிக்கிழமை இரவுகளிலும் இதே கொட்டகையில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் சில அத்தியாயங்களைப் பார்த்தோம். வாலிபத் தோழர் ஒருவர் லேப்டாப்பும் புரொஜெக்டரும் கொண்டுவந்திருந்தார். படத்தில் பேசியதெல்லாம் இங்கிலீஷ். நாம் பக்கத்தில் நின்றுகொண்டு நிறுத்தி நிறுத்திக் கதை சொன்னோம். சில இடங்களில் படத்தின் சத்தத்தைவிட நமது சத்தம்தான் அதிகமாக இருந்தது. தோழர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

முடிந்து வெளியே வரும்போது ஒரு வயதான தோழர், விவசாயத் தொழிலாளி, நம்மைப் பிடித்து நிறுத்தினார். "ஏன் தோழரே, ஆகாசத்தில பறக்கிற கப்பலும் எந்திர மனுசனும் நமக்கு என்னத்துக்கு? நடவுக் கூலியைப் பத்திப் பேசலாம் இல்லையா?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் படத்தில் அந்தப் பையனுடைய கை எந்திரத்தில் சிக்கியபோது, பலகையை விட்டு எழுந்து "நிறுத்துங்கடா!" என்று கத்தியவரும் அவர்தான். அவர் கத்திய அந்த இடத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறோம்.

படம் பார்க்க வராத தோழர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தொடரின் பெயர் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா. 1978இல் இதே பெயரில் ஒரு சாகசத் தொடர் வந்தது. நாம் பார்த்தது அதைப் புதிதாக மாற்றி எடுத்தது. 2003 டிசம்பரில் தொடங்கி 2009 மார்ச்சில் முடிந்தது. முன்னின்று உருவாக்கியவர் ரொனால்டு மூர். அமெரிக்கப் படை ஈராக்குக்குள் புகுந்தது 2003இல்; அபு கிரைப் சிறைச்சாலையின் படங்களை உலகம் பார்த்தது 2004இல். அந்த வருஷங்களில் எழுதிய கதை இது. கைதியைச் சித்திரவதை செய்யலாமா, தலைவர்கள் பொய் சொல்லலாமா, ராணுவம் ஜனங்களை ஆளலாமா என்ற கேள்விகளை எல்லாம் ஆகாயத்தில் கொண்டுபோய் வைத்துக் கேட்டார்கள்.

பன்னிரண்டு கிரகங்களில் மனிதர்கள் வாழ்கிறார்கள். தங்களுக்கு வேலை செய்ய எந்திரங்களை உண்டாக்குகிறார்கள். அவற்றுக்குச் சைலான்கள் என்று பெயர். அந்த எந்திரங்கள் எதிர்த்துக் கிளம்பி யுத்தம் நடக்கிறது, பிறகு ஓய்கிறது. நாற்பது வருஷம் கழித்து ஒரே நாளில் அணுகுண்டுகள் விழுகின்றன. மிஞ்சியவர்கள் சுமார் ஐம்பதாயிரம் பேர். கையில் கிடைத்த கப்பல்களில் ஏறிக்கொண்டு ஓடுகிறார்கள். அவர்களுக்குக் காவலாக ஒரே ஒரு பழைய போர்க்கப்பல், காட்சிசாலையாக மாற்ற இருந்த கப்பல். அதன் தளபதி வில்லியம் அடாமா. ஜனாதிபதி லாரா ரோஸ்லின் அம்மையார் முன்னே பள்ளி ஆசிரியை, பிறகு கல்வி மந்திரி. பதவி வரிசையில் நாற்பத்து மூன்றாவது இடத்தில் இருந்தவர். முன்னால் இருந்தவர்கள் எல்லாம் செத்துப்போனதால் ஜனாதிபதி ஆனார்.

முதலில் காட்டிய அத்தியாயத்தின் பெயரே "33". எதிரி முப்பத்து மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் துரத்திக்கொண்டு வருகிறான். கப்பல்கள் ஒவ்வொரு தரமும் தாவித் தப்பிக்கின்றன. இப்படி ஐந்து நாள் தொடர்ந்து நடக்கிறது. யாருக்கும் தூக்கம் கிடையாது. விமானம் ஓட்டுகிறவனுக்கு மாத்திரை கொடுத்துக் கண்ணைத் திறந்து வைக்கிறார்கள். மூன்று ஷிப்டையும் ஒரே ஆள் பார்த்தால் எப்படி இருக்கும் என்பது இங்கே இருக்கிற ஸ்பின்னிங் தோழர்களுக்குத் தெரியும். ஒரு தாவலில் ஒலிம்பிக் கேரியர் என்ற பயணிகள் கப்பல் பின்தங்கிவிடுகிறது. அன்றைக்கு எதிரி வரவில்லை. பிறகு அந்தக் கப்பல் தானாகத் திரும்பி வருகிறது. கூடவே எதிரியும் வருகிறான். கப்பலுக்குள் அணுகுண்டு இருப்பதாகக் கருவி காட்டுகிறது. அதில் ஏறியிருந்தவர்கள் 1,345 பேர். சுட்டுத் தள்ளும்படி ரோஸ்லின் அம்மையார் உத்தரவு தருகிறார். சுடப்போகிறவன் தளபதியின் சொந்த மகன். ஜன்னல்களில் ஆள் நடமாட்டம் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளே ஜனங்கள் இருந்தார்களா இல்லையா என்பதை அந்த அத்தியாயம் திட்டமாகச் சொல்லவே இல்லை. சுட்டார்கள். துரத்தல் நின்றது.

இந்த இடத்தில் நமது கூட்டமே இரண்டாகப் பிரிந்தது தோழர்களுக்கு நினைவிருக்கும். ஆலைத் தோழர்கள் பலர், வேறு வழியில்லை, சுட்டது சரி என்றார்கள். ஒரு பெண் தோழர் மட்டும், "உங்க வீட்டு ஆள் அதில இருந்தா இப்பிடிச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல யாரும் வாய் திறக்கவில்லை.

நமது அபிப்பிராயத்தையும் சொல்லவேண்டும் அல்லவா? அந்த உத்தரவைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. காரணம் இதுதான். ஐந்து நாள் தூக்கம் இல்லை என்றால் தளபதிக்கும் இல்லை, ஜனாதிபதிக்கும் இல்லை. உத்தரவு கொடுத்தவர்களுக்கு அதில் தனி லாபம் ஒன்றும் கிடையாது. ஆபத்து எல்லார் தலைக்கும் மேலே ஒரே உயரத்தில் தொங்கியது. ரோஸ்லின் அம்மையார் தம் அறையில் ஒரு வெள்ளைப் பலகை வைத்து, உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கையைத் தம் கையாலேயே அழித்து அழித்து எழுதுகிறார். செத்தவர்களைக் கணக்கிலிருந்து மறைக்கவில்லை. நியாயமா அநியாயமா என்பதைச் செத்தவர்கள்தான் சொல்ல முடியும். ஆனால் அங்கே ஏமாற்று இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள். 2007 பிப்ரவரியில் வந்தது. அழுக்குக் கைகள் என்று பெயர்.

இப்போது ஓட்டம் ஆரம்பித்துப் பல காலம் ஆகிவிட்டது. கப்பல்கள் ஓட எரிபொருள் வேண்டும். தோண்டி எடுத்த கனிமத்தைச் சுத்திகரிப்பதற்கென்று ஒரு கப்பல் இருக்கிறது. அதில் ஒரு கூட்டம் ஜனங்கள் ஓயாமல் வேலை செய்கிறார்கள். யுத்தம் ஆரம்பித்த அன்றைக்கு அந்தக் கப்பலில் இருந்தார்கள், அவ்வளவுதான். அதனாலேயே அதில் மாட்டிக்கொண்டார்கள். லீவு கிடையாது, மாற்று ஆள் கிடையாது, பழுதான எந்திரத்துக்கு உதிரிப் பாகம் கிடையாது. குழந்தைகளும் அந்த வேலையில் இறங்கிவிட்டார்கள். அப்பன் பார்த்த வேலையை மகன் பார்க்கிறான். மற்ற கப்பல்களில் குமாஸ்தா குமாஸ்தாவாகவே இருக்கிறார், வக்கீல் வக்கீலாகவே இருக்கிறார். அப்பன் தொழில் மகனுக்கு என்பதை நமது ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

ஒரு நாள் கெட்டுப்போன எரிபொருளால் ஒரு சிறிய விமானம் தடுமாறி, ஜனாதிபதியின் கப்பலிலேயே மோதிவிடுகிறது. கவனியுங்கள், தோழர்களே! இத்தனை காலமும் சுத்திகரிப்புக் கப்பலில் என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஜனாதிபதியின் அறைச் சுவரில் ஓட்டை விழுந்தவுடன் விசாரணை வந்துவிட்டது. அந்தக் கப்பலின் பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். "எங்கள் ஆட்களுக்கு ஓய்வு கொடுங்கள், பாகங்கள் கொடுங்கள்" என்கிறார் அவர். பேச்சுக்கிடையே ஒரு புத்தகத்தில் இருந்த வார்த்தையையும் சொல்லிவிடுகிறார். அந்தப் புத்தகம், துரோகி என்று சிறையில் கிடக்கும் முன்னாள் ஜனாதிபதி பால்டர் எழுதியது. ஏழைக் கிரகத்தில் பிறந்தவன் ஏழையாகவே சாகிறான் என்று பேசுகிறது. உடனே ரோஸ்லின் அம்மையார் அவரைக் கைது செய்து உள்ளே தள்ளுகிறார். கோரிக்கை என்ன என்பது போய், எந்தப் புத்தகம் படித்தாய் என்பது பெரிய விஷயமாகிவிடுகிறது. நமது தோழர்கள் சிரித்தார்களே, ஏன் சிரித்தார்கள் என்று நமக்குத் தெரியும்.

பால்டர் யோக்கியன் இல்லை. அந்த ஆளுக்காக நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. ஏழைக் குடியானவன் வீட்டில் பிறந்து, தன் பேச்சு வழக்கையே மாற்றிக்கொண்டு பணக்காரக் கிரகத்துக்காரன்போல நடித்து மேலே வந்தவன். கூண்டுக்குள் போன பிறகுதான் ஏழைகளின் ஞாபகம் வருகிறது. ஆனாலும் அவன் எழுதினான் என்பதற்காக அந்தக் கப்பலில் குழந்தைகள் வேலை செய்வது பொய்யாகிவிடுமா?

தொழிலாளர்கள் எந்திரத்தின் முக்கியமான பாகங்களை எடுத்து ஒளித்துவைக்கிறார்கள். எரிபொருள் உற்பத்தி நிற்கிறது. சமாதானம் செய்யத் தளபதி அனுப்புகிற ஆள்தான் கேலன் டைரல். போர்க்கப்பலில் விமானங்களைப் பழுது பார்க்கும் பகுதிக்கு மேஸ்திரி. முன்பு ஒரு கிரகத்தில் ஜனங்கள் கொஞ்ச காலம் குடியேறியிருந்தபோது தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்தவர். அங்கே அவர் பேசுகிற ஒரு பேச்சைப் பற்றி ஒரு செய்தி: 1964 டிசம்பர் 2இல் கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில், எந்திரத்தின் பற்சக்கரங்கள்மீது உடம்பைப் போட்டாவது அதை நிறுத்தவேண்டும் என்று மாணவர் தலைவர் மாரியோ சாவியோ பேசினார் அல்லவா? அந்தப் பேச்சைத் தழுவித்தான் டைரலுக்கு வசனம் எழுதினார்கள்.

டைரல் முதலில் நிர்வாகத்தின் ஆளாகத்தான் போகிறார். பாகங்கள் எங்கே என்று தெரிந்துகொண்டு எந்திரத்தை ஓட வைக்கிறார். ஆள் போதவில்லை என்றவுடன், யார் யார் பழைய காலத்தில் உடல் உழைப்பு வேலை செய்தார்கள் என்று பட்டியல் பார்த்துப் பிடித்துக் கொண்டுவருகிறார்கள். அதில் ஒரு வாலிபன் ஒரே ஒரு கோடைக்காலம் பண்ணையில் வேலை செய்தவன். அதைப் படிவத்தில் எழுதிவிட்டான். பண்ணைக் கூலி என்று முத்திரை விழுந்துவிட்டது. ஓடுகிற பட்டையில் அவன் கை சிக்கிக்கொள்கிறது. நமது பெரியவர் எழுந்து கத்தினாரே, அது இந்த இடம். டைரலும் அதே நேரத்தில் எந்திரத்தை நிறுத்திவிட்டு வேலைநிறுத்தம் என்று அறிவிக்கிறார். போர்க்கப்பலில் அவருடைய பகுதி ஆட்களும் கருவிகளைக் கீழே போடுகிறார்கள்.

தோழர்களே, இதற்குப் பிறகு நடப்பதைத்தான் ஊன்றிக் கவனிக்கவேண்டும். தளபதி அடாமா கெட்டவர் அல்ல. வீரர்களிடம் பிரியம் உள்ளவர், சொன்ன சொல் தவறாதவர் என்றுதான் கதை முழுதும் காட்டுகிறார்கள். அவர் டைரலைக் கைது செய்கிறார். ராணுவத்தில் உத்தரவை மறுத்தால் அது கலகம், கலகத்துக்குத் தண்டனை சாவு என்கிறார். பிறகு, "முதலில் உன் மனைவியைச் சுவரோரம் நிறுத்திச் சுடச் சொல்கிறேன்" என்கிறார். டைரலின் மனைவியும் அதே பகுதியில் வேலை செய்கிறவர்; கைக்குழந்தைக்காரி. அவருக்குப் பிறகு இன்னும் பேரைச் சுடுவேன் என்கிறார். டைரல் உடைந்துபோய் வேலைநிறுத்தத்தை வாபஸ் வாங்குகிறார்.

உடனே தளபதியின் குரல் மாறிவிடுகிறது. சரி, இப்போது போய் ஜனாதிபதியைப் பார்த்துப் பேசு என்கிறார். ரோஸ்லின் அம்மையாரும் அன்பாகப் பேசுகிறார். வேலையை எல்லாக் கப்பல்களுக்கும் மாற்றி மாற்றிப் பங்கு போடுவோம் என்ற யோசனையை ஏற்கிறார். சங்கம் மறுபடியும் வேண்டும், நீர்தான் நடத்தவேண்டும் என்கிறார். விமான ஓட்டிப் பயிற்சி கேட்டு, பழுது பார்க்கும் வேலைக்கு நீதான் வேண்டும் என்று மறுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு அந்தப் பயிற்சியும் கிடைக்கிறது. எல்லாம் சுபம் என்று அத்தியாயம் முடிகிறது.

சுபம்தானா? கோரிக்கையில் பாதிக்கு மேல் கிடைத்தது உண்மை. நாமும் எத்தனையோ பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்திருக்கிறோம்; இவ்வளவு கிடைத்தால் மாலை போட்டு ஊர்வலம் போயிருப்போம். ஆனால் ஒரு கேள்வி. இந்த ரோஸ்லின் அம்மையார் கடைசியில் ஒப்புக்கொண்டதை முதல் நாளே, அந்தப் பொறுப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டபோதே ஒப்புக்கொள்ள என்ன தடை இருந்தது? எரிபொருள் அப்போதும் இதே அளவுதான். எதிரியும் அதே எதிரிதான். வேலையைப் பங்கு போட்டிருந்தால் உற்பத்தி கூடத்தான் செய்திருக்கும். யுத்தத்தின் மீது பழி போட இடமே இல்லை. கேட்டவன் கரி படிந்த சட்டைக்காரன் என்பதைத் தவிர வேறு தடை ஒன்றையும் நாம் காணவில்லை.

இன்னொரு விஷயம், இதைக் கதை எழுதியவர்கள் வேண்டுமென்றே வைத்தார்களா என்று நமக்குத் தெரியாது. இதே தொடரில் 2005இல் கெய்ன் என்ற இன்னொரு தளபதி அம்மையார் வருகிறார். அவருக்கு யுத்தம் மட்டும்தான் கணக்கு. வழியில் சாதாரண ஜனங்களின் கப்பல்களைக் கண்டபோது, தனக்கு வேண்டிய எந்திரங்களையும் வேலை தெரிந்த ஆட்களையும் பிடுங்கிக்கொண்டு மற்றவர்களை நடுவானில் சாக விட்டுவிட்டுப் போனவர். வர மறுத்த ஆட்களை எப்படி வழிக்குக் கொண்டுவந்தார் தெரியுமா? அவர்களுடைய குடும்பத்தாரைச் சுட்டார்! இதைக் கேள்விப்படும்போது அடாமாவின் ஆட்களுக்கு உடம்பு நடுங்குகிறது. கெய்ன் எங்கே, நமது தளபதி எங்கே என்று நாமும் நினைக்கிறோம். ஒன்றரை வருஷம் கழித்து அதே அடாமா, வேலை செய்ய மறுத்தவனின் மனைவியைச் சுடுவேன் என்கிறார். அந்த அம்மையார் சுட்டார், இவர் சுடுவேன் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். வித்தியாசம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் டைரல் பணியாமல் இருந்திருந்தால்? அடாமா சுட்டிருப்பாரா என்று போன வாரம் கேட்டோம். கை தூக்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் சுட்டிருப்பார் என்றுதான் தூக்கினார்கள்.

அடாமா பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல. ராணுவத்துக்குள் உத்தரவை விவாதம் செய்ய ஆரம்பித்தால், எதிரி வருகிற நேரத்தில் விமானம் கிளம்பாது. ஐம்பதாயிரம் பேரும் சாம்பல். அதனால் சுத்திகரிப்புக் கப்பலின் வேலைநிறுத்தத்தையும் ராணுவப் பகுதியின் வேலைநிறுத்தத்தையும் டைரல் ஒரே கயிற்றில் கட்டியது சரிதானா என்று கேட்டால், நமக்கும் சந்தேகம்தான். வேலைநிறுத்தம் என்பது கோபத்தில் பொத்தானை அமுக்குவது இல்லை. எந்த இடத்தை நிறுத்துவது, எந்த இடத்தை ஓட விடுவது, ஆஸ்பத்திரிக்குக் கரண்டு போகவேண்டுமே, குழந்தைக்குப் பால் போகவேண்டுமே என்பதை எல்லாம் முதல் நாள் ராத்திரியே உட்கார்ந்து பேசுகிறோம் அல்லவா? டைரல் பேசவில்லை. கமிட்டி இல்லை. தலைவரைப் பிடித்தால் அடுத்தவர் யார் என்ற ஏற்பாடு இல்லை. ஒரே மனிதர் ஆரம்பித்தார், ஒரே மனிதரை உடைத்து முடித்துவிட்டார்கள். அவரைத் துரோகி என்று சில வாலிபத் தோழர்கள் சொன்னார்கள். மனைவியின் நெஞ்சுக்கு நேரே துப்பாக்கியை வைத்துப் பணிய வைத்தவனைப் போய்த் துரோகி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்தப் பாரத்தை ஒரே தோளில் ஏற்றிவைத்ததுதான் தப்பு.

இது கற்பனைக் கதைதானே என்று விட்டுவிட வேண்டாம். நிஜ யுத்தத்தில் நிஜமாக நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

1942 ஜனவரி. ஹிட்லரை எதிர்த்து இங்கிலாந்து உயிரைப் பிடித்துக்கொண்டு போராடுகிற சமயம். நிலக்கரி இல்லாவிட்டால் ஆயுத ஆலை ஓடாது. கெண்ட் மாகாணத்தில் பெட்டஷாங்கர் என்ற நிலக்கரிச் சுரங்கம். கஷ்டமான ஒரு புதிய இடத்தில் வெட்டச் சொன்னார்கள். அங்கே வழக்கமான அளவு வெட்ட முடியாது, அதற்குத் தக்க கூலி வேண்டும் என்றார்கள் தொழிலாளர்கள். நிர்வாகம் மறுத்தது. மத்தியஸ்தரும் நிர்வாகத்தின் பக்கம் சாய்ந்தார். தொழிலாளர்கள் குழியை விட்டு மேலே வந்துவிட்டார்கள். யுத்தகாலத்தில் வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று 1940இலேயே உத்தரவு போட்டிருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள்மீது வழக்கு! மூன்று சங்க நிர்வாகிகளுக்குச் சிறைத் தண்டனை, மற்றவர்களுக்கு அபராதம்.

நடந்தது என்ன? உள்ளே போன மூன்று பேரும் வெளியே வராமல் யாரும் குழிக்குள் இறங்கத் தயாராக இல்லை. பக்கத்துச் சுரங்கங்களிலும் அனுதாப வேலைநிறுத்தம் கிளம்பியது. கடைசியில் சுரங்க இலாகா மந்திரியே சிறைச்சாலைக்குப் போய், கைதிகளாக இருந்த சங்க நிர்வாகிகளோடு உட்கார்ந்து பேசினார். சிறைக்குள்ளேயே ஒப்பந்தம் கையெழுத்தானது! கூலி விஷயத்தில் தொழிலாளர்கள் கேட்டது ஏறக்குறைய கிடைத்தது. பதினோரு நாளில் மூவரையும் விட்டுவிட்டார்கள். அபராதத்தை விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் கட்டினார்கள். கட்டாதவர்களைப் பிடித்து உள்ளே போடலாமா என்று அதிகாரிகள் யோசித்தார்கள். ஆயிரம் பேரை உள்ளே போட்டால் கரியை யார் வெட்டுவது?

டைரலுக்கு இல்லாதது இவர்களுக்கு இருந்தது. மூன்று பேரைப் பிடித்தபோது ஆயிரம் பேர் அசையவில்லை. அந்தச் சுரங்கத்தில் பலர் 1926 பொது வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மற்ற ஊர்ச் சுரங்கங்களில் கறுப்புப் பட்டியலில் ஏறி வேலை இழந்து இங்கே வந்து சேர்ந்தவர்கள். பதினாறு வருஷப் பழக்கம் அது.

ஆனால் இங்கே நமக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. சொல்லாமல் போனால் தோழர்களை ஏமாற்றியதாகும். 1941 ஜூன் 22இல் ஹிட்லர் சோவியத் நாட்டின்மீது படையெடுத்த பிறகு, பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுக் கட்சி யுத்த உற்பத்தியை நிறுத்தக்கூடாது என்ற நிலை எடுத்தது, வேலைநிறுத்தங்களை ஆதரிக்கவில்லை. நமது நாட்டிலும் 1942இல் மக்கள் யுத்தம் என்று சொல்லி, ஆலைகளில் உற்பத்தி நிற்கக்கூடாது என்றது கட்சி. பாசிசம் ஜெயித்திருந்தால் சங்கம் என்ற பேச்சே உலகத்தில் இருந்திருக்காது என்பது அதற்குச் சொன்ன காரணம். அந்தக் காரணம் அற்பமானது அல்ல. ஆனால் அந்த நாளில் கூலி கேட்டு நின்றவனைப் பார்த்து, "பொறு, முதலில் யுத்தம் முடியட்டும்" என்று நம்மவர்களே சொன்னார்கள். அதற்காக வாங்கிய ஏச்சு எழுபது, எண்பது வருஷம் ஆகியும் நம் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. நமது அணிகளுக்குள்ளேயே அது முடிந்துபோன விவாதம் இல்லை. அடாமாவின் நாற்காலியில் நமது ஆட்கள் உட்கார்ந்தால் மட்டும் அந்தக் கேள்வி மாறிவிடும் என்று நினைக்கவேண்டாம்.

கஷ்டத்தைப் பங்கு போடுவது நடக்காத காரியம் என்று சொல்கிறவர்களுக்கு அதே இங்கிலாந்திலிருந்து ஒரு சேதி. 1943 கடைசியில் கரி வெட்ட ஆள் போதவில்லை. தொழில் மந்திரி எர்னஸ்ட் பெவின், அவரே பழைய சங்கத் தலைவர், ஒரு ஏற்பாடு செய்தார். பட்டாளத்துக்கு எடுக்கிற வாலிபர்களின் பதிவு எண்ணில் கடைசி இலக்கம் எதுவோ, சீட்டுக் குலுக்கி அந்த இலக்கக்காரர்களைச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். விமானம் ஓட்டத் தேர்வானவர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. மற்றபடி வக்கீல் மகனும் கடைக்காரன் மகனும் கூலிக்காரன் மகனும் ஒரே குலுக்கலில் இருந்தார்கள். சீட்டில் வந்தவர்களும் தாமாக வந்தவர்களுமாகச் சுமார் 48,000 பேர் குழிக்குள் இறங்கினார்கள். பெவின் பையன்கள் என்று பெயர். படிவத்தில் பண்ணைக் கூலி என்று எழுதியவனைத் தேடிப் பிடிக்கிற வேலையை விட இது எவ்வளவோ மேல். ஆனால் தெருவில் அவர்களைப் பட்டாளத்துக்குப் பயந்து ஒளிந்தவர்கள் என்று கேலி செய்தார்கள். யுத்தம் முடிந்தபோது பதக்கமும் இல்லை. ஒரு சின்ன அடையாளப் பட்டயம் கொடுத்தது 2008இல்! அதற்குள் எத்தனை பேர் மண்ணுக்குள் போய்விட்டார்களோ.

படம் எடுத்தவர்களின் கதையையும் சொல்லி முடித்துவிடுகிறோம். 2006இல் இந்தத் தொடருக்கு விளம்பரம் மாதிரி பத்துத் துண்டுக் கதைகளை இன்டர்நெட்டில் போடக் கம்பெனி எடுக்கச் சொன்னது. எழுதினவர்களுக்குத் தனிச் சம்பளமும் இல்லை, பெயரும் போடமாட்டோம், இது வெறும் விளம்பரம்தான் என்றது. நாம் சொன்ன ரொனால்டு மூர், அப்படியானால் படத்தைக் கொடுக்க முடியாது என்று மறுத்தார். கம்பெனி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த வருஷம் 2007 நவம்பர் 5இல் அமெரிக்காவின் எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. இன்டர்நெட்டில் காட்டும் படத்துக்குக் கூலி என்பது அதில் பெரிய கோரிக்கை. 2008 பிப்ரவரி 12 வரை நூறு நாள் நீடித்தது. இந்தத் தொடரின் கடைசிப் பகுதியும் பாதியில் நின்றது. அந்த நூறு நாளும் யாருடைய மனைவியையும் சுவரோரம் நிறுத்துவேன் என்று யாரும் மிரட்டவில்லை. ஆனால் வாடகை கட்ட முடியாத வீடுகள் அங்கேயும் இருந்திருக்கும். பிப்ரவரியில் வேலைநிறுத்தக் கதையை ஒளிபரப்பியவர்கள், அதே வருஷம் நவம்பரில் தாங்களே அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டூடியோ வாசலில் நின்றார்கள்.

அடுத்த சனிக்கிழமை கெய்ன் அம்மையார் வரும் அத்தியாயங்களை முழுதும் போடுகிறோம். இந்தத் தடவை பெண் தோழர்கள் முன்வரிசையில் உட்கார ஏற்பாடு செய்திருக்கிறோம். போன தடவை தூண் மறைத்தது என்று புகார் வந்தது. நமது பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இங்கே வருகிற வழியில் அவரைப் பார்த்தோம். "எல்லாம் சரி தோழரே, அந்தப் பையனுக்கு நஷ்டஈடு கொடுத்தாங்களா?" என்று கேட்டார். நாம் அந்த அத்தியாயத்தை மூன்று தரம் பார்த்திருக்கிறோம். அதில் அந்தப் பேச்சே வரவில்லை.